கூட்டமில்லாத வான்கோழிக் காடு எது? மிசூரியின் பொது நிலங்களில் ஒரு தேர்வு

ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை, விடியற்காலை நாலரை மணி. செயின்ட் லூயிஸிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, சரளைப் பாதை முடியும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். முகப்பு விளக்கில் முதலில் தெரிந்தவை ஆறு பிக்கப் வண்டிகள். ஏழாவது என்னுடையது. இருட்டில் முகடு ஏறி, ஓர் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். கிழக்கு வெளுக்கும்போது பள்ளத்தில் ஒரே ஒரு வான்கோழிச் சேவல் கூவியது. அடுத்த நொடியே நாலா பக்கமிருந்தும் பெட்டைக் குரல்கள் அதற்குப் பதில் சொல்லின. அத்தனையும் என்னைப் போல் மரத்தடியில் உட்கார்ந்திருந்த மனிதர்கள் எழுப்பிய குரல்கள். சேவல் இன்னும் இரண்டு முறை கூவிவிட்டு அடங்கியது. பிறகு அன்று முழுவதும் அது வாய் திறக்கவில்லை.

சொந்தப் பண்ணையோ, பண்ணை வைத்திருக்கும் நண்பரோ இல்லாத ஒருவர், வசந்தகால வான்கோழி வேட்டைக்குக் கூட்டமில்லாத பொது நிலத்தை எங்கே தேடுவது? அன்று எழுந்த இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் அலைந்திருக்கிறேன். எனக்குப் பழக்கமான அமெரிக்க மாநிலம் மிசூரி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

இந்த வேட்டையில் கூட்டம் இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. வசந்தத்தில் சேவல் கூவிப் பெட்டைகளை வரவழைக்கும். வேட்டைக்காரர் பெட்டையின் குரலை எழுப்பி அந்தச் சேவலைத் தன் பக்கம் வர வைக்கிறார். மூடியைத் தேய்த்தால் குரல் தரும் மரப்பெட்டி, வாய்க்குள் அடக்கிக்கொள்ளும் சிறு சவ்வு, முன்னால் நட்டுவைக்கும் பொய்க்கோழி ஆகியவை அவரது கருவிகள். ஆண்மானைப் பிடிக்கக் காட்டும் பழகிய பெண்மானைப் பழந்தமிழில் ‘பார்வை’ என்றார்கள். இதுவும் அதே வழிதான். ஒரே காலையில் ஐந்து பொய்ப் பெட்டைகளைக் கேட்ட சேவல் எச்சரிக்கையாகிவிடும். இது முதல் கெடுதல். இரண்டாவது இதைவிடப் பெரியது. காட்டின் நிறத்தில் உடுத்து, அசையாமல் உட்கார்ந்து, கோழிபோல் குரல் கொடுக்கும் மனிதரை இன்னொருவர் கோழி என்று நினைத்துச் சுட்டுவிட வாய்ப்பு உண்டு. சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருக்கும் என்பதால்தான் அந்த நிறங்களில் ஒரு கைக்குட்டைகூடக் கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். அதனால் கூட்டமில்லாத இடத்தைத் தேடுவதை வசதிக்கான தேடலாக மட்டும் நான் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு காட்டுயிர் வேட்டை குற்றம். அமெரிக்காவில் வேறு ஏற்பாடு. 1937இல் வந்த சட்டத்தின்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி விதித்து, அந்தப் பணத்தை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிகளுக்குத் தருகிறார்கள். மிசூரியில் 1976இல் மக்கள் வாக்களித்து, நூறு டாலர் விற்பனைக்குப் பன்னிரண்டரை செண்ட் வீதம் வரியை இயற்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்கள். ஏறக்குறைய அற்றுப்போயிருந்த வான்கோழியைப் பிடித்து, இல்லாத இடங்களில் விட்டுப் பெருக்கிய பிறகு, 1960இல் 14 கவுண்டிகளில் (மாவட்டம் போன்றவை) மூன்றே நாள் வேட்டையை அனுமதித்தார்கள். அந்த ஆண்டு கிடைத்தவை 94 பறவைகள். இன்று காலம் 21 நாள், இடம் மாநிலம் முழுவதும். ஆனால் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. மிச்சத்தில்தான் நாமெல்லோரும் கூட வேண்டியிருக்கிறது.

பெரிய வரைபடத்தை விரித்ததும் கண்ணில் படுவது மாநிலத்தின் தென்பாதியில் பரவிக் கிடக்கும் மார்க் ட்வைன் தேசிய வனம். ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர். அனுமதிச் சீட்டைத் தவிர வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. புதியவர் செய்யும் தவறு, வண்டி நிறுத்துமிடத்தின் அடையாளத்தைப் பார்த்து அங்கே போய் நிற்பது. தேசிய வனத்துக்கென்று வனத்துறை இலவசமாக வெளியிடும் மோட்டார் வாகனப் பாதை வரைபடம் ஒன்று உண்டு. எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்று காட்டுவதற்காகப் போட்டது. நான் அதைத் தலைகீழாகப் படிக்கிறேன்: எந்தச் சாலையும் தொடாத வெற்றிடம் எங்கே என்று தேடுகிறேன். சாலையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் உள்ளே இருக்கும் முகடுகளைப் பென்சிலால் வட்டமிட்டால், 15 லட்சம் ஏக்கர் பத்துப் பன்னிரண்டு இடங்களாகச் சுருங்கிவிடும்.

தூரம் என்றதும் பலர் தயங்குகிறார்கள். மான் வேட்டையில் அந்தத் தயக்கம் நியாயம். நாற்பது ஐம்பது கிலோ மானை இரண்டு மைல் சுமப்பது எளிதல்ல. வான்கோழிச் சேவல் ஒன்பது பத்து கிலோ. தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்துவிடலாம். எல்லா வேட்டைக்காரர்களிலும் தூரத்தை மலிவாக வாங்கக்கூடியவர் வான்கோழி வேட்டைக்காரர்தான். இருந்தும் பெரும்பாலோர் முதல் அரை மைலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.

மார்க் ட்வைன் வனத்துக்குள்ளேயே, 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட வனாந்தரப் பகுதிகள் இருக்கின்றன. அங்கே சைக்கிள்கூடக் கூடாது. லெவன் பாயிண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ஐரிஷ் வனாந்தரம் அவற்றில் ஒன்று. 16,000 ஏக்கருக்கு மேல். 1850களில் ஒரு பாதிரியாருடன் வந்து குடியேறிய ஐரிஷ் மக்கள், உள்நாட்டுப் போருக்குப் பிறகு இருந்த இடம் தெரியாமல் போனார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது. செயின்ட் லூயிஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம். அங்கே ஒரு காலை முழுவதும் மனிதக் குரலே கேட்காமல் இருந்திருக்கிறேன். கோழிக் குரலும் அதிகம் கேட்கவில்லை. காரணம் தெளிவு: மரங்கள் முதிர்ந்து, கிளைகள் கூடிக் கூரை போல் மூடிய காட்டில் தரைக்கு வெயில் வராது, வெயில் வராத இடத்தில் புல்லும் பூச்சியும் குறைவு, குஞ்சு வளர்க்கும் பெட்டைக்கு அவை இரண்டும் வேண்டும். பெட்டை இல்லாத இடத்தில் சேவலுக்கு வேலை இல்லை. சீடார் மரங்களும் பாறை வெளிகளும் கலந்த ஹெர்குலிஸ் கிளேட்ஸ் வனாந்தரத்தில் வெளிச்சம் உண்டு. ஆனால் அது பிரான்சன் சுற்றுலா நகரத்துக்குக் கிட்டத்தில் இருப்பதால் வசந்தத்தில் நடைபயணிகளும் வருகிறார்கள்.

எனவே பெரிய காட்டில் நான் இப்போது தேடுவது வேறு: வண்டிப் பாதையை மறித்துப் பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால், அந்த ஆண்டோ முந்தைய ஆண்டோ வனத்துறை திட்டமிட்டுத் தீ வைத்த இடம். எரிந்து சில வாரம் ஆன தரை எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. கரி படிந்த மண்ணில் விரலளவு பச்சை முளைத்திருக்கும். காலணி முட்டிவரை கருக்கும். அந்தக் கரியில் ஒரு காலை நான் கண்டவை இவை: உள்ளங்கை அகலத்தில் மூன்று விரல் தடம், அதன் இருபுறமும் யாரோ விளக்குமாற்றுக் குச்சியால் இழுத்ததுபோல் மெல்லிய கோடுகள், சற்றுத் தள்ளி, கொக்கிபோல் வளைந்த எச்சம். சேவல் தோகை விரித்து நடக்கும்போது இறக்கை நுனி தரையை உரசுவதால் அந்தக் கோடு விழுகிறது. கொக்கி வடிவ எச்சமும் சேவலுடையதுதான். பெட்டையின் எச்சம் சுருண்டு உருண்டையாகக் கிடக்கும். இத்தனையும் கதவிலிருந்து இருபத்தைந்து நிமிட நடையில். அந்த வாரம் அங்கே வேறு எந்தக் காலணித் தடத்தையும் நான் பார்க்கவில்லை.

அடுத்த வழி தண்ணீர். சாலையிலிருந்து இரண்டு மைல் நடந்து சேர வேண்டிய முகட்டை, ஏரியிலிருந்து இருநூறு அடியில் சேர்ந்துவிட முடிகிற இடங்கள் உண்டு. ராணுவப் பொறியியல் படை கட்டிய ட்ரூமன் ஏரி நல்ல எடுத்துக்காட்டு. வழக்கமான மட்டத்தில் நீர்ப்பரப்பு 55,600 ஏக்கர். அதைச் சுற்றிலும் பெருமளவு பொது நிலம். பண்ணைகளுக்கும் ஏரிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பல துண்டுகளுக்குத் தரைவழியே போக வேண்டுமானால் தனியாரின் அனுமதி வேண்டும். படகில் போக யார் அனுமதியும் வேண்டாம். அமைதி என்று பார்த்தால் நான் அறிந்தவற்றில் இதுவே மிகச் சிறந்தது. ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் ட்ரூமன் ஏரியில் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. சில நீருக்கு மேல் தெரியும், சில ஒரு சாண் கீழே இருக்கும். இருட்டில், குளிர்ந்த நீரில், தனியாக அவற்றுக்கு நடுவே படகு விடுவது விளையாட்டில்லை. உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள். முதல் நாள் பகலிலேயே அந்த வழியில் ஒருமுறை போய் வந்துவிடுங்கள். வசந்த மழையில் ஏரி மட்டம் ஏறும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வழக்கமான மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 706 அடி. வெள்ளம் முழுவதையும் தேக்கும்போது நீர்ப்பரப்பு இரண்டு லட்சம் ஏக்கரைத் தாண்டிவிடும். சென்ற வாரம் நீங்கள் பார்த்துவைத்த ஆற்றங்கரைச் சமவெளி இந்த வாரம் நீருக்கடியில் இருக்கலாம்.

மோட்டார் படகு இல்லாதவர்களுக்குத் தெற்கே ஆறுகள் இருக்கின்றன. லெவன் பாயிண்ட், கரண்ட், ஜாக்ஸ் ஃபோர்க் மூன்றிலும் கனோ என்னும் துடுப்புப் படகு விடலாம். கரண்ட், ஜாக்ஸ் ஃபோர்க் கரைகளைத் தேசியப் பூங்காத்துறை நிர்வகித்தாலும் அங்கே வேட்டைக்கு அனுமதி உண்டு. கோடையில் அந்த ஆறுகளில் திருவிழாக் கூட்டம். ஏப்ரல் இறுதியின் வேலைநாட்களில் மணற்கரை முழுவதும் உங்களுக்கே. இரவு கரையில் தங்கி, சாயங்காலம் எந்தச் சரிவில் கோழிகள் அடைகின்றன என்று காதால் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பெரிய பறவையாக இருந்தாலும் காட்டு வான்கோழி இரவில் மரத்தின் மேல்தான் அடையும். இருட்டும் வேளையில் இறக்கை கிளையில் மோதும் சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்கும்.

மூன்றாவது வழியைப் பற்றி ஆசையோடு சொல்கிறேன். கடந்த சில ஆண்டுகளாக எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். மிசூரி இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் ஏறத்தாழ ஆயிரம் இடங்கள் இருக்கின்றன. பெரிய பெயர் பெற்ற இடங்களுக்கு எல்லோரும் போவார்கள். நூறு, நூற்றைம்பது ஏக்கர் அளவில், சோள வயல்களுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே ஒரு சிறு பச்சைச் சதுரமாக வரைபடத்தில் தெரியும் துண்டுகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. ‘இவ்வளவு சிறிய இடத்தில் என்ன இருக்கும்’ என்று பெருவிரலால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கிறார்கள். வடக்கு மிசூரியில் வயலும் தோப்பும் மாறி மாறி வரும் நிலம் வான்கோழிக்கு மிகவும் உகந்தது. கோழிக்கு எல்லைக்கோடு தெரியாது; பக்கத்துப் பண்ணையில் அடைந்த சேவல், பெட்டையின் குரலைக் கேட்டு உங்கள் சதுரத்துக்குள் நடந்து வரும்.

சிறு துண்டின் குறை உடனே சொல்லிவிடக்கூடியது: ஒருவர் வந்துவிட்டால் நிரம்பிவிட்டது. அங்கே ஒரு வண்டி நின்றால் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். அது மரியாதை, பாதுகாப்பும் கூட. அதனால் ஒரு சதுரத்தை நம்பிப் போகக் கூடாது. இருபது நிமிட ஓட்டத்துக்குள் நாலைந்து வேண்டும். இன்னொன்று, எல்லை. மிசூரியில் மரத்தில் ஊதா வண்ணப் பட்டை பூசியிருந்தால், ‘உள்ளே வராதே’ என்ற பலகைக்குச் சமம். சட்டமே அப்படிச் சொல்கிறது. அரையிருட்டில் அந்த ஊதா சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கைபேசியில் ஆன்எக்ஸ் போன்ற எல்லை காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டே நடக்கிறேன். சில இடங்களில் வில்லுக்கு மட்டும் அனுமதி, சில இடங்களில் வேட்டையே இல்லை; ஒவ்வோர் இடத்துக்கும் தனி விதி உண்டு. கிளம்புமுன் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் போகாதீர்கள்.

குலுக்கல் முறையும் இருக்கிறது. சில இடங்களில் ஒரு நேரத்தில் இத்தனை பேர் மட்டும் என்று மாநிலம் வரையறுத்து, விண்ணப்பித்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. பக்கத்திலேயே கென்டக்கி, டென்னசி இரண்டிலும் விரிந்து கிடக்கும் 1,70,000 ஏக்கர் லேண்ட் பிட்வீன் த லேக்ஸ் நிலத்திலும் இப்படிப்பட்ட வரம்புள்ள வேட்டை நாட்கள் உண்டு. பெயர் வந்தால் பொது நிலத்திலேயே தனியார் பண்ணையின் நிம்மதி கிடைக்கும். வராவிட்டால் ஒன்றுமில்லை. விண்ணப்பிக்கலாம், ஆனால் விடுமுறையை அதை நம்பி எடுக்கக் கூடாது. பிள்ளைகளை முதல்முறை அழைத்துப்போக நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெளிமாநிலப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென் டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் தேசிய வனம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். பாண்டரோசா பைன் மரங்களுக்கிடையே வால் நுனி வெளுத்த மெரியம் இனச் சேவல் நடந்து வரும் காட்சிக்காகவே ஒருமுறை போகலாம். ஏப்ரலில் பனி பெய்யும். ஆனால் வெளியூர்க்காரர்களின் கூட்டம் எல்லா மாநிலங்களுக்கும் தலைவலியாகி, வாசல்கள் குறுகிக்கொண்டே வருகின்றன. நெப்ராஸ்கா வெளிமாநிலத்தவரின் வசந்தகால அனுமதிக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்தது. மிசிசிப்பியில் முதல் இரண்டு வாரம் பொது நிலத்தில் வேட்டையாட வெளிமாநிலத்தவர் குலுக்கலில் வென்றிருக்க வேண்டும். செலவும் தூரமும் சேர்த்துப் பார்த்தால், அமைதிக்காக மட்டும் எல்லை தாண்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இத்தனை நேரம் இடத்தைப் பற்றியே பேசினேன். இடத்தைவிட மலிவாகக் கூட்டத்தைக் குறைப்பது நாட்காட்டி. மிசூரியில் வேட்டைக்காலம் தொடங்கும் நாளும் முதல் இரண்டு சனி, ஞாயிறும்தான் பொது நிலம் நிரம்பி வழியும். மூன்றாம் வாரச் செவ்வாய், புதன்கிழமைகளில் அதே ஆறு வண்டிகள் நின்ற இடத்தில் என் வண்டி மட்டும் நின்றிருக்கிறது. கோழியின் வாழ்க்கையும் அந்த வாரத்துக்குச் சாதகமாக இருக்கிறது. முதல் வாரத்தில் சேவலைச் சுற்றிப் பெட்டைகள் இருக்கும். கண்ணெதிரே நிற்கும் பெட்டையை விட்டுவிட்டு உங்கள் குரலைத் தேடி அது ஏன் வர வேண்டும்? பெட்டை நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு 28 நாள் அடைகாக்கும். மே பிறக்கும்போது பல பெட்டைகள் அடையில் உட்கார்ந்துவிடும், சேவல் தனித்துவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்கு, மற்றவர்கள் காப்பி குடிக்கப் போன பிறகு, தனிச் சேவல் கூவிக்கொண்டே தேடி வரும். பொது நிலத்தில் பகல் ஒரு மணியோடு துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும் என்பதால், ஒன்பதிலிருந்து ஒன்று வரையுள்ள அந்த நான்கு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

இதற்கும் ஒரு விலை உண்டு. மே முதல் வாரத்தில் இலை முழுவதும் விரிந்துவிடும். ஏப்ரலில் முக்கால் மைலுக்குக் கேட்ட கூவல் அப்போது கால் மைலுக்கே கேட்கும், கோழி முப்பது அடியில் வந்த பிறகுதான் கண்ணில் படும். உண்ணிகள் காலுறைக்குள் ஏறும். முதல் இரண்டு வாரம் சுடப்பட்டும் ஏமாற்றப்பட்டும் மிஞ்சிய சேவல்கள் வாய்மூடி நடக்கக் கற்றிருக்கும். குரலைக் குறைத்து, பெட்டியை ஒருமுறை மெதுவாகத் தேய்த்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காரப் பொறுமை இருப்பவருக்கே மூன்றாம் வாரம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கால் பலமும் ஐந்து நாள் விடுமுறையும் இருந்தால் மார்க் ட்வைன் வனத்தில் தீ வைத்த இடங்களுக்குப் போங்கள்; அங்கே ஒரு நாள் தவறிப்போனாலும் மறுநாள் வேறு முகடு இருக்கும். படகும் அதை இருட்டில் ஓட்டிய பழக்கமும் ஏற்கெனவே இருந்தால் ஏரி. இந்த வேட்டைக்கென்று புதிதாகப் படகு வாங்காதீர்கள். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே இரண்டே காலைப்பொழுதை ஒதுக்க முடிகிறவர்களுக்கு என் பதில் தயக்கமில்லாமல் சிறு சதுரங்கள்தான்; மூன்றாம் வாரம், வாரத்தின் நடுவில். லேசாகத் தூறினால் இன்னும் நல்லது. நனைந்த காட்டை விட்டுக் கோழிகள் திறந்த வெளிக்கு வரும், மனிதர்கள் வீட்டில் இருப்பார்கள். குலுக்கலுக்கு எல்லோருமே விண்ணப்பித்து வையுங்கள்.

என்னுடைய இந்த ஆண்டுப் பட்டியலில் ஐந்து சதுரங்கள் இருக்கின்றன. மூன்றில் போன ஆண்டே நடந்திருக்கிறேன், இரண்டு புதியவை. மார்ச் கடைசிச் சனிக்கிழமை துப்பாக்கி இல்லாமல் கிளம்புவேன். விடிவதற்கு முன் ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் வண்டியை நிறுத்தி, கதவைச் சாத்தாமல் இறங்கி, ஆந்தை அலறுவதுபோல் ஒருமுறை குரல் கொடுப்பேன். ஆந்தைக் குரலைக் கேட்டதும் மரத்தில் அடைந்திருக்கும் சேவல் தன்னையறியாமல் பதில் கூவிவிடும். பதில் வந்த சதுரம் பட்டியலில் முதலில் ஏறும்.